பில் உள்ள ஆம்ப்பா, பிரான்ஸ் ஆம்ப்பா?

புதுச்சேரியில் செகண்ட் ஹேண்டில் ஆம்ப்ளிஃபயர் தேடினால் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று, இந்திய விநியோகஸ்தர் வழியாகக் கடைக்கு வந்து பில்லோடு கைமாறுவது. பெரும்பாலும் சென்னைக்காரர்கள் விற்பது. இன்னொன்று, சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) வீட்டுப் பிள்ளைகள் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்து, சில வருடம் கேட்டுவிட்டு விற்றுவிட்டுப் போவது. இரண்டிலும் ஒவ்வொன்று ஒரே சமயத்தில் எனக்கு அமைந்தது, இரண்டும் ஒரே பிராண்டு.

பில் உள்ளது நெட்வொர்க் ஆம்ப். வைஃபை, ஆப், முகப்பில் அழகான திரை; விலை 45,000. பிரான்ஸிலிருந்து வந்தது சாதா ஸ்டீரியோ ஆம்ப். 1978-ல் வந்த நாட் (NAD) கம்பெனியின் 3020 ஆம்ப் போல, வால்யூம், பேஸ், டிரெபிள், நாலைந்து இன்புட், அவ்வளவுதான். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் 18,000-க்குச் சொன்னார்கள். நான் வாங்கியது இதைத்தான்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் கூடத்துக்கு இரண்டுமே தாராளம். மின்சாரமும் பிரச்சினை இல்லை: பிரான்ஸிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பிளக்கை மாற்றினால் போதும். அமெரிக்கச் சரக்கு 120 வோல்ட், ஜப்பான் உள்நாட்டுச் சரக்கு 100 வோல்ட். அவற்றுக்குத் தனியாக ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பின்பக்கத் தகட்டில் அச்சிட்டிருப்பார்கள், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது சர்வீஸ். வாங்கும் முன் விநியோகஸ்தரின் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து இரண்டு சீரியல் நம்பரையும் சொன்னேன். பிரான்ஸ் ஆம்ப்புக்கு வந்த பதில்: "இது நம்ம இம்போர்ட் இல்ல சார். காசு குடுத்தாலும் எடுக்க மாட்டோம்." சரி, எதிர்பார்த்ததுதான். பில் உள்ளதைக் கேட்டேன். "வாரண்டி முதல் ஓனருக்குத்தான் சார், அதுவும் முடிஞ்சிருச்சு. சென்னைக்கு அனுப்புங்க. போர்டு இருந்தா மாத்திடலாம்."

அந்த 'இருந்தா'வில்தான் விஷயமே இருக்கிறது. பில் இருந்தால் பயமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவனுக்கு அந்தப் பில் வாங்கித் தருவது வரிசையில் நிற்கும் உரிமை மட்டும். வாரண்டி கிடையாது. பெரும்பாலான சர்வீஸ் சென்டர்களில் கெட்டுப்போன பாகத்தைத் தேடிப் பழுது பார்க்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையே கழற்றிவிட்டு வேறு போடுவார்கள். மாடல் பழசாக ஆக, போர்டு கிடைப்பதும் குறையும். கிடைத்தாலும் அதன் விலையைக் கேட்டால் இன்னொரு பழைய ஆம்ப்பே வாங்கிவிடலாம் போலிருக்கும். வெளி மெக்கானிக்குக் கொடுக்கலாம் என்றால் அவருக்குப் போர்டும் விற்க மாட்டார்கள், சர்வீஸ் மேனுவலும் தர மாட்டார்கள். சில நெட்வொர்க் மாடல்களில் வைஃபை போர்டு போனால் ஆம்ப் ஆன்கூட ஆகாது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், அவுட்புட் எல்லாம் நன்றாகவே இருக்கும், என்ன பயன்?

சாதா ஆம்ப்பில் அப்படிச் சிக்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். திருவிழா, கல்யாண வீட்டு சவுண்ட் சர்வீஸ் ஆம்ப்களைப் பழுது பார்த்தே பழகிய கை. "ஒருநாள் தாங்க, அண்ணன்கிட்ட காட்டிட்டு வாங்கிக்கறேன்" என்று விற்பவரிடம் கேட்டு எடுத்துப் போனேன். மூடியைக் கழற்றியதும் முதலில் பெரிய கெப்பாசிட்டர்களின் தலையைத் தடவிப் பார்த்தார்; உப்பல் இல்லை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் டிசி (அங்கே அதிகம் இருக்கக் கூடாத நேர்மின்சாரம்) அளந்தார். இடதில் 11, வலதில் 14. ஐம்பதுக்குள் இருந்தால் கவலை வேண்டாம் என்பது பொதுக் கணக்கு. கடைசியாக, ஸ்பீக்கரை ஆம்ப்போடு இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் மூடியைத் திறந்தார். உள்ளே தொடுமுனைகள் கறுத்துக் கிடந்தன. "கடக்காத்து தம்பி. ரிலேய மாத்திடுவோம், கொஞ்சநாள்ல ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வரும்." கடலோர ஊர்களில் இது வாடிக்கை. பெரிய செலவும் இல்லை.

இந்த மாதிரி ஆம்ப்பில் கெடக்கூடியவை அநேகமாகக் கெப்பாசிட்டர், ரிலே, வால்யூம் கண்ட்ரோல், அவுட்புட் டிரான்சிஸ்டர், இவ்வளவுதான். எல்லாமே சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சரக்கு. டிரான்சிஸ்டரில் மட்டும் கவனம் தேவை: சி5200, ஏ1943 ஜோடிக்குப் போலி ஏராளம். மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள்.

விநியோகஸ்தர் இப்படி மறுக்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சாம்சங் பிரிண்டர் வழக்கில் 2012-ல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, வெளிநாட்டில் முறையாக விற்ற அசல் பொருளை இங்கே இறக்குமதி செய்து விற்கலாம் என்றது; கூடவே, அதற்கு சர்வீஸும் வாரண்டியும் சாம்சங் தராது என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆக, விற்கத் தடையில்லை. சர்வீஸ் பொறுப்பு கம்பெனியின் தலையில் ஏறவில்லை. உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குத் தராததற்காக 2014-ல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது; அது மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளமும் தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் இதையெல்லாம் நம்பி 45,000 ரூபாய் போட எனக்கு மனம் வரவில்லை.

மறுவிற்பனையில் பில் உள்ளதுதான் ஜெயிக்கும், மறுக்க முடியாது. பில் இல்லாததைக் கேட்டு வருகிறவர் முதல் வேலையாக விலையைக் குறைப்பார். நான் வாங்கியதே அப்படித்தானே. இரண்டு வருடத்தில் விற்றுவிடுவேன் என்பவர்கள் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம், நான் சொன்னதை எல்லாச் சாமானுக்கும் நீட்டிவிட வேண்டாம். டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ போர்டு உள்ள ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஆம்ப்), வைஃபை ஆக்டிவ் ஸ்பீக்கர் போன்றவற்றை பிரான்ஸிலிருந்து வந்தது என்று பாதி விலைக்குத் தந்தாலும் நான் தொடமாட்டேன். அங்கே வரிசையில் நிற்கும் உரிமையாவது வேண்டும். வால்வு ஆம்ப் வைத்துக்கொண்டதில்லை, அதனால் கருத்தில்லை. சிடி பிளேயரில் லேசர் யூனிட் கிடைப்பது மாடலுக்கு மாடல் மாறும் என்று அண்ணன் சொன்னார். எனக்கு அதில் பழக்கம் குறைவு.

கொல்கத்தாவின் சோனோடைன் போன்ற நம் நாட்டுக் கம்பெனிகளின் பழைய ஆம்ப் நல்ல நிலையில் வந்தால் இந்தப் பில் தகராறே இல்லை. நான் தேடிய சமயத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

எதை வாங்கினாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பின்பக்கத் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வோல்ட்டும் தெரியும், சீரியல் நம்பரும் தெரியும். சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டால் மீதி தெரிந்துவிடும். போட்டோ அனுப்ப யோசிக்கிறவரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.