வீட்டுக்கு எந்த மழைமானி வாங்கலாம்?

கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் இருக்கிறேன். மழை, பனி, ஆற்றுநீர் மூன்றையும் ஆராய்வது என் வேலை. வீட்டுக்கு மழைமானி வாங்க யோசனை கேட்பவர்களிடம், கோகோராஸ் (CoCoRaHS) என்ற, வீட்டிலேயே மழையும் பனியும் அளந்து பதிவு செய்யும் அமைப்பின் தன்னார்வலர்கள் வைத்திருக்கும் நான்கு அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் மானியைத்தான் சொல்வேன். விலை 40 டாலர் அளவில் வரும். பேட்டரி, வைஃபை எதுவும் கிடையாது.

உள்ளே இருக்கும் சிறு குழாய்தான் இதன் உயிர். அதன் குறுக்குப் பரப்பு, மேலே உள்ள புனலின் வாய்ப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. அதனால் ஒரு அங்குல மழை குழாயில் பத்து அங்குல உயரம் ஏறி நிற்கும், 0.01 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர் வரை கண்ணாலேயே படிக்கலாம். குழாய் நிரம்பினால் மிச்சம் வெளி உருளையில் சேரும். மொத்தம் 11 அங்குலம் கொள்ளும்.

பனிக்காலத்தில்தான் எனக்கு இதன்மேல் பிரியம் கூடுகிறது. புனலையும் குழாயையும் எடுத்துவிட்டு உருளையை மட்டும் வெளியே வைக்க வேண்டும். காலையில் அதை உள்ளே கொண்டுவந்து, அளந்த வெந்நீர் ஊற்றி உருக்கி, ஊற்றியதைக் கழித்தால் பனிக்குள் இருந்த நீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இங்கே ஆறுகளும் அணைகளும் நம்பியிருப்பது அந்த நீரைத்தான். சூடேற்றும் வசதி இல்லாத மின்னணு மானியிலோ, பனி புனலிலேயே தங்கி, மறுநாள் வெயிலில் உருகி, மழை என்று கணக்கில் ஏறிவிடும். முன்பு பனியாக விழுந்ததில் எவ்வளவு இப்போது மழையாக விழுகிறது என்று தேடுகிற எங்களுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

குறைகளும் உண்டு. குழாயில் தண்ணீர் உறைந்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும். முதல் உறைபனிக்கு முன்பே கழற்றி வைத்துவிடுங்கள். பலத்த காற்றில் பனி வாய்க்கு மேலேயே பறந்துவிடுவதால் அளவு குறைவாகக் காட்டும். அப்போது வெள்ளைப் பலகை மேல் விழுந்த பனியில் உருளையைக் கவிழ்த்து அழுத்தி, வெட்டி எடுத்து உருக்குவதுதான் சரி.

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? 1997 ஜூலை 27, 28இல் எங்கள் ஊரின் தென்மேற்கில் 31 மணி நேரத்தில் 14.5 அங்குலம் கொட்டியது. சில மைல் தள்ளிக் கிழக்கே 2 அங்குலம்கூட இல்லை. வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே கொலராடோ காலநிலை மையத்தின் நோலன் டோஸ்கன் கோகோராஸைத் தொடங்கினார். இவ்வளவு நெருக்கமான வித்தியாசத்தைப் பிடிக்க வீட்டுக்கு வீடு மானி இருந்தால்தான் முடியும்.

வாங்கினால் மரம், கூரையிலிருந்து தள்ளி வையுங்கள். அப்புறம், மழை இல்லாத நாளிலும் 0 என்று பதிவு செய்யுங்கள். காலியாக விட்டால் அன்று வானம் வறண்டதா, நீங்கள் ஊரில் இல்லையா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியாது.