துணியை எடுக்கவா, விடவா: திரள் மேகமும் கார்திரள் மேகமும்

சித்திரை மதியம். மொட்டைமாடியில் துணி காய்கிறது, வானத்தில் வெள்ளையாக மேகம். எடுப்பதா, விடுவதா?

திரள் மேகம் என்றால் விட்டுவிடலாம். சூடான தரையிலிருந்து எழும் காற்று மேலே குளிர்ந்து மேகமாகி, பஞ்சுப் பொதி போல ஆங்காங்கே மிதக்கும். அடிப்பக்கம் தட்டை, உயரம் குறைவு. தரைச் சூடு தணிந்தால் சாயங்காலம் தானே கரைந்துவிடும்.

இடியும் மழையும் கொண்டுவரும் கார்திரள் மேகமும் அதே குடும்பம்தான். தொடக்கத்தில் பிரித்தறிவது கஷ்டம். அதனால் ஒரே மேகத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். காலிஃபிளவர் போல மேலே மேலே கொப்பளித்தால் கவனம். உச்சி 12 கிலோமீட்டருக்கு மேலும் போகும். நீர்த்துளிகள் பனித்துகளாக மாறும்போது, அதுவரை கூர்மையாக இருந்த உச்சி விளிம்பு மங்கி நார் நாராகும். அப்புறம் கொல்லன் பட்டடை போலப் பக்கவாட்டில் விரியும். நான் நிறத்தைவிட இந்த விளிம்பைத்தான் நம்புவேன். வெயில் பட்ட தூரத்து இடிமேகம் வெள்ளை வெளேரென்றுதான் தெரியும். அடியில் நிற்பவருக்குத்தான் அது கறுப்பு.

புழுக்கத்துக்கு நடுவே திடீரென்று சில்லென்ற காற்று மண்வாசனையோடு வந்தால், மழையோடு மேகத்திலிருந்து கீழிறங்கிய காற்று நம்மை எட்டிவிட்டது என்று அர்த்தம். சரி, துணியை அள்ளுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடி என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம். ஆனால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், இடி காதில் விழுந்தாலே மாடியைவிட்டு இறங்கிவிடுங்கள்.