30,000 எம்ஏஎச் டார்ச் பேட்டரி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கள், தோப்புக் காவலுக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். பவர்ஃபுல் டார்ச்சுக்கென்று ஆன்லைனில் விற்கும் ‘ஸ்மார்ட்’ லித்தியம் பேட்டரி பேக் வாங்கி ஏமாற்றப்பட்டிருக்கிறோம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அதை நம்பி அப்பா இருட்டில் வரப்பில் நடந்தார் என்பதுதான் மனசு ஆறவில்லை.

எங்கள் பக்கம் மும்முனை கரண்ட் பாதி நாள் ராத்திரியில்தான். மோட்டார் போட்டு மடை திருப்பிவிட்டு வரவேண்டும். கட்டுவிரியன் நடமாடும் நேரமும் அதுதான். விளம்பரத்தில் 30,000 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதற்கான அளவு), டைப்-சி சார்ஜிங், ஓவர்சார்ஜ் பாதுகாப்பு, சார்ஜ் அளவு காட்ட நான்கு லைட் என்று போட்டிருந்தார்கள். வந்தது மூன்று 18650 ரக உருளை லித்தியம் செல்லைச் சேர்த்துச் சுற்றிய பேக். முழு வெளிச்சத்தில் அரை மணி நேரம் தாங்கவில்லை. நான்கு லைட்டும் எரிந்துகொண்டிருக்கும்போதே டார்ச் அணைந்துபோனது. சார்ஜ் போட்டால் கை வைக்க முடியாத சூடு.

எங்கள் ஊர் பஜாரில் பேட்டரி கட்டித் தரும் அண்ணன் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் முதலில் செய்தது தராசில் வைத்ததுதான். நல்ல 18650 செல் ஒன்று 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். மூன்றுக்குக் குறைந்தது 135 கிராம் வரவேண்டும். இது சர்க்யூட், உறை எல்லாம் சேர்த்தே 115. “எடையே சொல்லுது தம்பி, பிரிச்சுப் பார்க்கவே வேணாம்” என்றார்.

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவுக்குள் நல்ல கம்பெனிகளே ஏறத்தாழ 3,500 எம்ஏஎச்தான் அடைக்கிறார்கள். மூன்று செல்லுக்கு 10,500. அப்புறம் 30,000 எங்கிருந்து வரும்? ஒற்றை செல்லில் 9,900 என்று அச்சடித்திருந்தாலும் பச்சைப் பொய்தான்.

நான் கேட்டதால் பிரித்தும் காட்டினார். (வீட்டில் யாரும் முயல வேண்டாம், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.) இரண்டு செல் பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவி, புது உறை போட்டவை. மூன்றாவது கூட்டுக்குள் ஒரு குட்டி செல், மீதி இடத்தில் வெள்ளைப் பொடி. அளந்து பார்த்தால் மொத்தமே 2,000 எம்ஏஎச்சைத் தொடவில்லை. எனக்குப் பயம் வந்தது சர்க்யூட்டைப் பார்த்துத்தான். செல் 4.2 வோல்ட் வந்ததும் சார்ஜை வெட்டவேண்டிய பாகமே அதில் இல்லை, லைட் எரிய வைக்கும் பாகம் மட்டும் இருக்கிறது. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிக்கொண்டே போனால் செல் உள்ளுக்குள் சூடேறி வெடித்து எரியும். இதைத்தான் ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள்.

விற்றவர்களிடம் கேட்டால், முதலில் “லோ மோடில் போட்டுப் பாருங்கள்” என்றார்கள். பிறகு ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டதாம். கடைசியில், நான் எழுதிய விமர்சனத்தை எடுத்தால் பாதிப் பணம் தருகிறோம் என்றார்கள். முடியாது என்றுவிட்டேன்.

நம் நாட்டில் இந்த மாதிரி லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரப்படி பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம், ‘ஆர்’ என்று தொடங்கும் எண் மேலே இருக்கவேண்டும். இதிலும் இருந்தது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் வேறொரு கம்பெனியின் மொபைல் சார்ஜர் வருகிறது! நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அதற்குள் அதே படத்தோடு, வேறு பிராண்டு பெயரில், 36,000 எம்ஏஎச் என்று விற்பனைக்கு வந்துவிட்டது.

ஏற்கனவே வாங்கியவர்கள் மளிகைக்கடைத் தராசிலாவது எடை போட்டுப் பாருங்கள், பதிவு எண்ணையும் சரிபாருங்கள். எடை குறைந்தாலோ சூடானாலோ இனிச் சார்ஜ் போடவே வேண்டாம். குப்பையிலும் வீசாதீர்கள். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.