ரப்பர் புழு ஊற்ற "தொடக்கப் பெட்டி" வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

தூண்டிலுக்கு ரப்பர் புழு, ரப்பர் மீன் எல்லாம் சொந்தமாக ஊற்றிப் பழக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "தொடக்கப் பெட்டி" ஒன்று வாங்கினேன். வேண்டியதெல்லாம் ஒரே பெட்டியில் இருக்கிறது, பிரித்த அன்றே ஊற்றலாம், மைக்ரோவேவ் ஒன்று இருந்தால் போதும் என்று விளம்பரம். பணம் போனது போகட்டும். அதோடு வந்த செய்முறைத் தாளை அப்படியே நம்பி ஒருவர் செய்தால் முகமும் கையும் வெந்துபோகும். அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன்.

பெட்டியில் இருந்தவை: பிளாஸ்டிசால் ஒரு பாட்டில், நிறத்துக்குச் சின்னக் குப்பிகள், ஜிகினாத் தூள், வாலாட்டும் மீன் வடிவில் ஓர் அச்சு, கண்ணாடி அளவுக் குவளை, ஒரு துணி முகக்கவசம், ஒரு பக்கச் செய்முறைத் தாள். பாட்டிலில் தயாரித்தவர் பெயர் கிடையாது. தேதி கிடையாது. எத்தனை டிகிரியில் ஊற்ற வேண்டும் என்பதும் கிடையாது.

பிளாஸ்டிசால் என்பது பிவிசி நுண்துகள்களை பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த் தன்மையுள்ள திரவத்தில் கலந்து வைத்த கலவை. பார்க்கப் பால் போல வெள்ளையாக இருக்கும். சூடாக்கினால் முதலில் கெட்டிப்படும், கட்டி கட்டியாகத் திரளும். புதிதாகச் செய்பவர்கள் இந்த இடத்தில் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. கிளறிக் கிளறிச் சூட்டை ஏற்றினால் 175 டிகிரி செல்சியஸை ஒட்டித் தெளிந்து, இளகி ஓடத் தொடங்கும். அப்போது ஊற்ற வேண்டும். ஆறியதும் ரப்பர் பதம் வந்துவிடும். ஆனால் 200 டிகிரியை நெருங்கவிட்டால் மஞ்சளாகி, பழுப்பாகிக் கருகும். கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். கண்ணும் தொண்டையும் எரியும். சரியான பதத்துக்கும் கருகலுக்கும் நடுவே இடைவெளி அவ்வளவு குறைவு. ஆகவே இந்த வேலைக்கு முதலில் வாங்க வேண்டியது வெப்பமானி. பெட்டியில் அது இல்லை. "தெளிவாகும் வரை சூடாக்கவும்" என்ற ஒரு வரியோடு தாள் முடித்துக்கொண்டது.

என்னிடம் வெப்பமானி தனியாக இருந்தது. பல வருடமாக லூர் (தூண்டிலுக்கான செயற்கை இரை) ஊற்றும் நண்பர் ஒருவர் சொல்லிக் கொடுத்தபடி, இதற்கென்றே ஒதுக்கிய பழைய மைக்ரோவேவில், கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்துக் கிளறி, சூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். பாட்டிலை முதலில் நன்றாகக் குலுக்கினேன். 175 டிகிரி வந்தது, தெளிந்தது. நண்பரின் அலுமினிய அச்சில் ஊற்றினேன். ஆறிய பிறகும் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. மேலே எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. ஜிக் ஹெட்டில் (தலையில் எடைக்குண்டு உள்ள கொக்கியில்) ஏற்றினால் கொக்கி நுழைந்த இடத்திலேயே கிழிந்து வந்தது. மறுபடி ஊற்றினாலும் அதே கதை.

பிறகு நண்பர் தன்னுடைய பிளாஸ்டிசாலில் ஒரு குவளை கொடுத்தார். அதே மைக்ரோவேவ், அதே குவளை, அதே வெப்பமானி, அதே அலுமினிய அச்சு. புழு அச்சிலிருந்து அழகாகக் கழன்று வந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. கோளாறு பாட்டிலில்தான் என்பதில் அதற்கு மேல் சந்தேகம் இல்லை.

நண்பரின் கணிப்பு இது. பிளாஸ்டிசால் சும்மா இருந்தால் பிவிசி துகள்கள் அடியில் படியும், பிளாஸ்டிசைசர் மேலே நிற்கும். பெரிய பீப்பாயை வாங்கி வைத்துக்கொண்டு, அடிவரை கலக்காமல் மேலாக எடுத்துச் சின்னப் பாட்டில்களில் அடைத்தால் முதலில் வாங்குபவருக்கு எண்ணெய்தான் கிடைக்கும். கடைசியில் வாங்குபவருக்குக் கல் மாதிரி கெட்டியானது போகும். என் பாட்டிலின் அடியில் வண்டல் கொஞ்சமும் இல்லாததைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. பாட்டிலை வாங்கியவர் எவ்வளவு குலுக்கினாலும் உள்ளே இல்லாத துகள் எங்கிருந்து வரும்?

அடுத்தது அச்சு. எனக்கு அதிகக் கோபம் இதில்தான். "உயர் வெப்பம் தாங்கும் அச்சு" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கையில் எடுத்ததும் மேற்பரப்பில் மெல்லிய வரி வரியாகத் தெரிந்தது. 3டி பிரிண்டரில் எடுத்தது. என்ன பொருள் என்று செய்தி அனுப்பிக் கேட்டேன். "ஸ்பெஷல் மெட்டீரியல், கவலைப்படாதீர்கள்" என்றார்கள். நண்பரின் நல்ல பிளாஸ்டிசாலை அதில் ஊற்றியதுமே அச்சின் ஓரம் வளைந்தது. வால் பகுதி ரப்பரோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் பிஎல்ஏ என்று வாயைத் திறந்தார்கள். பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் பிளாஸ்டிக். அதில் 170 டிகிரி திரவத்தை ஊற்றச் சொல்லி விற்றிருக்கிறார்கள். அவர்களே ஒரு தடவையாவது அதில் ஊற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விளம்பரப் படத்தில் அச்சுக்குள் பளபளவென்று கிடக்கும் மீன் வேறு எங்கோ செய்தது.

3டி பிரிண்ட் இந்த வேலைக்கே ஆகாது என்று நான் சொல்லவில்லை. பிரிண்ட் எடுத்த மீனை மூல உருவாக வைத்து, அதன்மேல் சிலிகான் ஊற்றி அச்சு எடுப்பது நல்ல வழி. வெப்பம் தாங்கும் சிலிகான் 200 டிகிரிக்கு மேலும் நிற்கும். வாங்கும்போது தாங்கும் சூடு எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும். மூல உருவைக் களிமண்ணில் செய்வதானால் கந்தகம் கலந்த களிமண் வேண்டாம், அதன்மேல் பிளாட்டினம் வகைச் சிலிகான் இறுகாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சும் செய்யலாம், ஆனால் ஈரம் முழுக்கக் காய்ந்து, மேலே பூச்சுக் கொடுத்து அடைத்த பிறகுதான். நாள்பட உழைப்பது அலுமினியம். விலை அதிகம் என்று எல்லோரும் தயங்குவார்கள். ஒரே ஓர் எளிய திறந்த அச்சோடு தொடங்கினால் போதும் என்பது என் எண்ணம்.

ஜிகினாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைவினைப் பொருள் கடையில் வாழ்த்து அட்டைக்கு விற்கும் ரகம் அது. சூடான திரவத்தில் போட்டதும் சிவப்புச் சாயம் பிரிந்து மொத்தக் குவளையும் ரோஸ் நிறமாகிவிட்டது. தூள் சுருண்டு மங்கிப்போனது. லூருக்கென்று வரும் ஜிகினா சூட்டையும் பிளாஸ்டிசைசரையும் தாங்கும்படி செய்த பாலியெஸ்டர்.

இனி அந்தத் தாள். அதில் இருந்த ஒரு வரி: "அச்சைத் தண்ணீரில் கழுவி ஈரத்தோடு ஊற்றினால் எளிதில் கழன்று வரும்." இதைப் படித்ததும் எனக்கு உடம்பே பதறியது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 170 டிகிரித் திரவம் ஒரு சொட்டு ஈரத்தின் மேல் விழுந்தால் அந்தச் சொட்டு நொடியில் ஆவியாக விரிந்து, உருகிய பிளாஸ்டிக்கை மேலே வீசி அடிக்கும். தோலில் பட்டால் வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டே சுடும். அச்சு, குவளை, கிளறும் குச்சி, புழுவில் உப்புச் சேர்ப்பதானால் அந்த உப்பு, எல்லாமே துளி ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். லூர் ஊற்றும் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். அதையே தலைகீழாக அச்சடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அதே தாளில் "சமையலறை மைக்ரோவேவையே பயன்படுத்தலாம்" என்றும் இருக்கிறது. கூடாது. பிளாஸ்டிசால் சூடாக்கிய மைக்ரோவேவில் பிறகு உணவு சூடாக்கவே கூடாது. கூடவே கொடுத்த துணி முகக்கவசம் இந்த வாயுவை நிறுத்தாது. அமில வாயுவுக்கும் கரிம ஆவிக்கும் ஏற்ற வடிகட்டிக் குப்பி பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும், அதோடு காற்று வெளியேறும் இடமும் வேண்டும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவற்றைப் பற்றித் தாளில் ஒரு சொல் இல்லை.

"100 சதவீதம் விஷமற்றது" என்றும் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அப்படியானால் எந்த பிளாஸ்டிசைசர், அதன் பாதுகாப்புத் தரவுத் தாளை அனுப்புங்கள் என்றேன். தொழில் ரகசியம் என்று பதில். நியாயமான உற்பத்தியாளர் எவரும் தரவுத் தாளை மறைப்பதில்லை. பிளாஸ்டிசைசராகப் பயன்படும் டிஇஎச்பி, டிபிபி, பிபிபி என்ற தாலேட்டு வகை வேதிப்பொருள்களைக் குழந்தைகள் பொம்மைகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. ரப்பர் புழு பொம்மை இல்லைதான். ஆனால் நாள் முழுக்க விரலில் படுகிறது, அறுந்தால் தண்ணீரிலேயே கிடக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

விற்பனையாளர் பேசிய விதத்தையும் பதிவு செய்கிறேன். புழு இறுகவில்லை என்று முதலில் எழுதியபோது "சூடு போதவில்லை, நீங்கள் புதியவர்" என்றார்கள். வெப்பமானி தெரியும்படி எடுத்த காணொளியை அனுப்பினேன். உடனே "சூடு அதிகமாகிவிட்டது" என்றார்கள். சூடு அதிகமானால் நிறம் மாறியிருக்க வேண்டுமே, என்னுடையது தெளிவாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. பிறகு "திறந்த பாட்டிலைத் திரும்பப் பெறுவதில்லை" என்றார்கள். திறக்காமல் எப்படிச் சோதிப்பது? மதிப்புரை எழுதிய பிறகு, அதை நீக்கினால் பாதிப் பணம் தருகிறோம் என்று ஒரு செய்தி வந்தது. மறுத்தேன். அதோடு பேச்சு நின்றது. பணம் செலுத்திய வழியில் முறையீடு கொடுத்திருக்கிறேன், முடிவு இன்னும் வரவில்லை.

தொடக்கக்காரர்களைக் குறிவைத்து விற்பதில் இந்த வசதி இருக்கிறது. எது தவறினாலும் "உங்களுக்குப் பழக்கமில்லை" என்று சொல்லிவிடலாம். வாங்கியவரும் நம் கைதான் சரியில்லை என்று நம்பி, வருத்தத்தோடு விட்டுவிடுவார். எத்தனை பேர் அப்படி விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனது ஆறவில்லை. வீட்டில் செய்ய முடியாத வேலை இல்லை இது. 1949இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நிக் கிரீம் என்பவர் பிளாஸ்டிக் புழுவை உருவாக்கியதே வீட்டில் கலந்து கலந்து பார்த்துத்தான்.

ஆகவே பெட்டியாக வாங்காதீர்கள். பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் பிளாஸ்டிசாலில் நடுத்தர மென்மை உள்ளதைச் சிறிய அளவில் வாங்குங்கள். வெப்பமானியும் ரெஸ்பிரேட்டரும் ஒரு சாதாரணப் புழு அச்சும் தனித்தனியாக வாங்குங்கள். ஜிகினா, நிறம் எல்லாம் நிறமில்லாத புழு நன்றாக வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: ஊற்றும் சூடு எத்தனை டிகிரி, அச்சு என்ன பொருள், தரவுத் தாள் எங்கே. பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே இதே மாதிரிப் பெட்டி வாங்கி ஊற்றிவிட்டவர்கள், எண்ணெய் கசியும் அந்தப் புழுக்களை மற்ற லூர்களோடு போட்டு வைக்காதீர்கள். கசியும் பிளாஸ்டிசைசர் கடின லூர்களின் பெயிண்டையும் சில பிளாஸ்டிக் பெட்டிகளையும் இளக்கிவிடும். மிச்சத் திரவத்தைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதே பெட்டி இப்போது வேறு பெயரில், அதே படங்களோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. லேபிள் இல்லாத பாட்டிலும் வரி வரியான அச்சும் உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், வந்த நிலையிலேயே காணொளி எடுத்துக்கொண்டு மூடியைத் திருகாமல் திருப்பி அனுப்புங்கள். மூடியைத் திறந்துவிட்டால் அவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது.