அமெரிக்காவின் முதல் செய்தித்தாள்: ஹாரிஸின் இதழா, கேம்பெல்லின் இதழா?

எதை முதல் இதழ் என்று கொள்வது எனத் தடுமாறுவோருக்காக, பாஸ்டனில் வெளிவந்த இரண்டையும் அருகருகே வைக்கிறேன்.

அனுமதி: பெஞ்சமின் ஹாரிஸ் 1690 செப்டம்பர் 25 அன்று 'பப்ளிக் அக்கரன்சஸ்' இதழை உரிமம் பெறாமலே வெளியிட்டார், அஞ்சல் தலைவர் ஜான் கேம்பெல் 1704இல் தொடங்கிய 'பாஸ்டன் நியூஸ்-லெட்டர்' அரசின் இசைவைத் தலைப்பின் கீழேயே அச்சிட்டுக்கொண்டது.

ஆயுள்: முன்னது ஒரே இதழோடு நான்காம் நாளில் தடைபட்டது, பின்னது 1776 வரை வந்தது.

செய்தி: உள்ளூரில் பரவிய அம்மைநோயைப் பற்றியும் எழுதிய ஹாரிஸ், வாசகர் தம் செய்தியைக் கைப்பட எழுதிப் பிறருக்கு அனுப்பட்டும் என்று நான்காம் பக்கத்தை வெறுமையாகவே விட்டார். கேம்பெல்லோ லண்டன் தாள்களின் பழைய செய்திகளையே பெரும்பாலும் எடுத்துப் போட்டார், படிக்கச் சலிப்புத்தான்.

துணிச்சலைத் தேடுவோர் ஹாரிஸையும், தொடர்ந்து வெளிவருவதே செய்தித்தாளுக்கு இலக்கணம் என்போர் கேம்பெல்லையும் கொள்ளலாம்.