என்விடிஏ ஸ்கிரீன் ரீடர்: 12 வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எனக்குப் பார்வை அறவே கிடையாது. கடந்த 12 வருடமாக என் கணினி வேலை எல்லாமே என்விடிஏ வழியாகத்தான். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் இது. நிறுவிய புதிதில் எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாகப் போயிருக்கும். இப்போது நிறை குறை இரண்டையும் சொல்ல முடியும்.

2006-ல் ஆஸ்திரேலியாவில் இதைத் தொடங்கியவர் மைக்கேல் கரன். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். பார்வையுள்ளவர் யாரும் கணினிக்கென்று தனியாகக் காசு கொடுத்து "கண்" வாங்குவதில்லையே, நாங்கள் மட்டும் ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்விதான் இதன் அடிப்படை. அதனால் இன்றுவரை இது இலவசம்.

பழகச் சில வாரம் பிடிக்கும். முதலில் குரல் இயந்திரத்தனமாகத் தெரியும், போகப் போகக் காது பழகிவிடும். இப்போது நான் வைத்திருக்கும் வேகத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் புரியாது. இணையப் பக்கத்தில் எச் தட்டினால் அடுத்த தலைப்பு, கே தட்டினால் அடுத்த இணைப்பு, பி (B) தட்டினால் அடுத்த பட்டன். நீங்கள் கண்ணை ஓட்டுகிற மாதிரி நான் விரலை ஓட்டுகிறேன். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது வெறும் படம்தான், தானாக வாசிக்காது. விண்டோஸ் 10 முதல் இன்சர்ட் விசையோடு ஆர் அழுத்தினால் படத்திலிருக்கும் எழுத்தை ஓரளவு பிடித்துத் தரும். அட்டவணை வந்தால் குழம்பிப்போகும்.

இது எனக்குத் தந்த பெரிய விஷயம் வேகம் இல்லை, அந்தரங்கம். அதற்கு முன் எனக்கு வரும் கடிதங்களைத் தம்பிதான் வாசிப்பான். பாசமாகத்தான் வாசிப்பான். ஆனால் என் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, என் ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பதெல்லாம் எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். ஒரு முடிவு மோசமாக வந்தபோது, அவன் வாசிப்பதைப் பாதியில் நிறுத்தியதை வைத்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அடுத்த பரிசோதனை முடிவு மின்னஞ்சலில் வந்தது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு நானே கேட்டேன். யாரிடம் எப்போது சொல்வது என்பதையும் நானே முடிவு செய்தேன்.

குறை பெரும்பாலும் மென்பொருளில் இல்லை, இணையதளங்களில் இருக்கிறது. பெயர் வைக்காத பட்டன்மீது போய் நின்றால் "பட்டன்" என்று மட்டும் கேட்கும். அடுத்ததும் "பட்டன்", அதற்கடுத்ததும் "பட்டன்". எது அனுப்பும், எது அழிக்கும் என்று எப்படித் தெரியும்?

ஒருமுறை ஒரு வேலைக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். 40 நிமிடம் உட்கார்ந்து எல்லாம் நிரப்பி முடித்தால், கடைசியில், நிரப்புவது மனிதர்தான் என்று உறுதிசெய்ய, பார்த்துத் தட்ட வேண்டிய நெளிந்த எழுத்துப் படம் ஒன்று. ஒலி வடிவம் இல்லை. வழி தேடிக்கொண்டிருந்தபோதே நேரம் முடிந்து, நிரப்பியது மொத்தமும் போய்விட்டது. புகார் அனுப்பினேன். "வீட்டில் யாரையாவது நிரப்பித் தரச் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. தம்பி வாசித்த நாட்களுக்கே என்னைத் திருப்பி அனுப்பிய பதில் அது.

இரண்டாவது கடிதத்தில் நான் உதவி என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. ஐ.நா. 2006 டிசம்பரில் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9-வது பிரிவு அணுகல் பற்றியது, இணையமும் அதில் அடக்கம் என்று எழுதினேன். நியாயமான வசதி செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று அதன் 2-வது பிரிவு சொல்வதையும் சேர்த்தேன். தொழில்நுட்பப் பக்கத்துக்கு, இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்காக 2008-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 வழிகாட்டுதல்களைச் சுட்டினேன். நேரம் முடியும் முன் எச்சரித்து, ஒரு எளிய செயலால் நீட்டிக்கக் குறைந்தது 20 வினாடி கொடுக்கலாம் என்று அதிலேயே வழி இருக்கிறது. கை நடுக்கத்தோடு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுபவருக்கும் அந்த 20 வினாடி வேண்டும்.

நான்கு மாதம் கழித்து ஒலி வடிவம் வந்தது. பட்டன்களுக்கும் பெயர் வந்தது. நேர எச்சரிக்கை மட்டும் இன்னும் வரவில்லை, மூன்றாவது கடிதம் போயிருக்கிறது.

இணையதளம் உருவாக்குபவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையால் மட்டும் நகர்ந்து உங்கள் படிவத்தை ஒருமுறை கடைசிவரை நிரப்பிப் பாருங்கள். எங்கே சிக்கிக்கொள்கிறீர்களோ அங்கேதான் நானும் நிற்கிறேன்.

என்விடிஏவைத் தயங்காமல் நிறுவலாம். படிவம் நிரப்பும்போது மட்டும், பதில்களை முதலில் நோட்பேடில் எழுதிச் சேமித்துக்கொள்ளுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.