என்பிடெல் இணையப் படிப்பு: நாற்பது தாண்டியவர்கள் சேரலாமா?

சேரலாம், தயங்காமல் சேரலாம். எனக்கு வயது 48. திருச்சி துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பி.காம். முடித்துக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வேலை, வீடு, பிள்ளைகள் என்று இருப்பவர்களுக்கு இந்தப் படிப்பு ஒத்துவருமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இணையப் பாடத் திட்டம்தான் என்பிடெல். இப்போது மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். ஜனவரியிலும் ஜூலையிலும் 4, 8, 12 வாரப் பாடங்கள் தொடங்கும். வயது வரம்பு கிடையாது. பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக்குக் கட்ட வேண்டும். நான் கட்டியது பாடத்துக்கு 1000 ரூபாய்.

என்னை இதில் இறக்கியது ஜிஎஸ்டி. மாதாமாதம் 14ஆம் தேதி 2பி வந்துவிடும், சப்ளையர்கள் எங்கள் பெயரில் ஏற்றிய பில்களின் பட்டியல் அது. அதை எங்கள் கொள்முதல் பதிவேட்டோடு பில் பில்லாக ஒத்துப்பார்த்து 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக் கணக்கைப் போட வேண்டும். சப்ளையர் 'ஐஎன்வி/0045' என்று ஏற்றியிருப்பார். எங்கள் ஆபீஸ் பையன் டேலி கணக்கு மென்பொருளில் வெறும் '45' என்று போட்டிருப்பான். எக்ஸெலுக்கு அது இரண்டும் வேறு வேறு பில். இப்படி நூற்றுக்கணக்கில் வந்தால் கண் பூத்துப்போகும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பைத்தான் என்ற கணினி மொழியில் பத்து வரி எழுதி இதை முடிப்பதைப் பார்த்தேன். நாமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

நான் எடுத்தது சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் 8 வாரப் பைத்தான் பாடம். அவர் மீப்பெரு பொது வகுத்தியில் இருந்து ஆரம்பிக்கிறார். நாம் பள்ளியில் போட்ட அதே கணக்குதான். முதலில் இரண்டு எண்களின் வகுத்திகளையும் வரிசையாக எழுதிப் பொதுவானதில் பெரியதை எடுக்கச் சொல்கிறார். அப்புறம், பெரியதுதானே வேண்டும், பின்னாலிருந்து தேடினால் என்ன என்கிறார். கடைசியில் யூக்ளிடின் வழிக்கு வருகிறார். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகு, மீதியை வைத்துத் திரும்பவும் வகு, மீதி பூஜ்யம் ஆகும் வரை செய். ஒரே விடைக்கு மூன்று வழி. ஒவ்வொரு தடவையும் நிரலில் எது மாறுகிறது, ஏன் வேலை குறைகிறது என்று நிதானமாகக் காட்டுகிறார். பதற்றமே இல்லாத ஆசிரியர். நான் வீடியோவை நிறுத்தி நோட்டில் கையால் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பகுதிக்குப் போவேன். ஆனால் கணினி நிரலே பார்த்திராதவர்களுக்கு இதன் வேகம் கொஞ்சம் அதிகம். அவர்கள் ஐஐடி ரோபர் நடத்தும் பைத்தான் பாடத்தில் தொடங்குவது நல்லது. 12 வாரம், விளையாட்டும் புதிருமாகப் போகும்.

இந்த வீடியோக்கள் எல்லாம் யூடியூபிலேயே இருக்கின்றன, பிறகு எதற்குப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். கெடுவுக்காகத்தான். ராத்திரி சமையலறையை ஒதுக்கிவிட்டு போனைக் கையில் எடுத்தால் ரீல்ஸிலேயே மணி பதினொன்றாகிவிடும். வாரத்துக்கு ஒரு பயிற்சித் தாள், குறித்த நாளில் இரவு 11.59க்குள் கொடுத்தாக வேண்டும் என்றால் உட்காருகிறோம். கெடு தாண்டினால் தாண்டியதுதான். அதே சமயம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடும் உண்டு. 8 வாரப் பாடத்தில் சிறந்த 6 தாள்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள், 12 வாரத்தில் சிறந்த 8. மாதக் கடைசியில் ஒரு வாரம் தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

தேர்வை நேரில் போய்த்தான் எழுத வேண்டும், கம்ப்யூட்டர் முன்னால், மூன்று மணி நேரம். ஹாலில் என்னைச் சுற்றி இருந்ததெல்லாம் இன்ஜினியரிங் பிள்ளைகள். 'ஆன்ட்டி, நீங்களும் எழுதுறீங்களா?' என்று ஒரு பெண் கேட்டுவிட்டு, தன் சந்தேகத்தையும் என்னிடமே கேட்டாள். இருவரும் வாசலில் நின்று அதைப் போட்டுப் பார்த்தோம். அந்த சந்தோஷத்துக்கே ஆயிரம் ரூபாய் தகும்.

சம்பளம் ஏறியதா? இல்லை. ஆனால் பில் எண்ணில் முன்னெழுத்தையும் பூஜ்யத்தையும் நீக்கி ஒத்துப்பார்க்கும் நிரலை நானே எழுதி வைத்திருக்கிறேன். 2பி வேலை இப்போது என் பொறுப்பு. சாயங்காலம் நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறேன்.

அந்த நேரத்தில்தான் கர்நாடக இசை ரசனை பற்றிய பாடத்தைப் பார்த்தேன், ஐஐடி மெட்ராஸ் வழங்குவது. சின்ன வயதில் பாட்டு கற்றுக் கல்யாணத்தோடு விட்டவள் நான். சங்கராபரணம் 29ஆவது மேளம், அதாவது தாய் ராகம், 36 கூட்டினால் 65, அது கல்யாணி, 'ம' என்ற மத்யம ஸ்வரம் ஒன்றுதான் வித்தியாசம் என்று அன்றைக்கு ஒப்பித்ததோடு சரி. இப்போது வானொலியில் கேட்கும்போது அந்த மத்யமத்துக்காகக் காது காத்திருக்கிறது. இதற்கு நான் தேர்வுக் கட்டணம் கட்டவில்லை. வேலைக்கான பாடத்துக்குச் சான்றிதழ் வாங்குங்கள், பிடித்த பாடத்தைச் சும்மா கேளுங்கள்.

நிரல் பாடத்துக்கு லேப்டாப் அவசியம், போன் போதாது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும் என்றாலும், பல பாடங்களின் உரை தமிழில் எழுத்து வடிவில் கிடைக்கிறது. கணக்குத் துறையில் இருப்பவர்கள் ஜனவரியை விட்டுவிடுங்கள், தேர்வு வருஷக் கணக்கு முடிக்கிற சமயத்தில் வந்து நிற்கும். ஜூலையில் 12 வாரப் பாடம் எடுங்கள். நடுவில் செப்டம்பர் ஆடிட் வந்தாலும் நாலு வாரம் விடுவதற்கு இடம் இருக்கிறது.